சிறிதாக்கலின் சரித்திரம்: சில குறிப்புகள்

1

என் தகப்பனாரின் புகைப்படம் ஒன்று 48 கிலோபைட் அளவில் என்னிடம் இருக்கிறது. அகலம் 200 புள்ளிகள், உயரம் 230 புள்ளிகள். ஓய்வூதியம் சம்பந்தப்பட்ட ஒரு விண்ணப்பத்துக்காக அவரே பிரவுசிங் சென்டருக்குப் போய் எடுத்துக்கொண்டது. படம் 50 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பது விண்ணப்பத்தின் நிபந்தனை. கடைப் பையன், எடுத்த பெரிய படத்தைச் சிறிதாக்கி ஏற்றிவிட்டு, சிறியதையே அப்பாவின் செல்போனுக்கும் அனுப்பினான். பெரியது அன்று மாலை அவனுடைய கம்ப்யூட்டரிலிருந்து போய்விட்டது. அவன் மேல் தப்பில்லை. தினமும் எத்தனையோ முகங்கள் அங்கே வந்து சுருங்கிப் போகின்றன.

சென்ற வருஷம் அப்பா இறந்தார். பதினாறாம் நாளுக்குப் படம் மாட்ட வேண்டும். கல்யாண ஆல்பங்களில் அவர் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் யாருடைய முதுகுக்கோ பின்னால், அல்லது பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டு. நேராகப் பார்க்கும் முகம் இந்த 48 கிலோபைட்டில் மட்டும்தான். ஸ்டூடியோக்காரர் அதைப் பன்னிரண்டு அங்குல அகலத்துக்கு விரித்துக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரை மில்லிமீட்டர் சதுரமாகியிருந்தது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் கறுப்புமாகச் சில கட்டங்கள்.

நான் வங்கியில் எழுத்தர். இதே 200க்கு 230 அளவில் என் முகத்தைச் சுருக்கித்தான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். வேலைக்கு வந்த பிறகு மற்றவர்களின் முகங்களையும் கையெழுத்துக்களையும் சுருக்கி ஏற்றியிருக்கிறேன். அதுவரை இதை ஒரு குமாஸ்தா காரியம் என்றே நினைத்திருந்தேன். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு, அதில் சிலர் சில முடிவுகளை எடுத்திருக்கிறார்கள், அந்த முடிவுகள் அப்பாவின் முகத்தில் வந்து நிற்கின்றன என்பது ஸ்டூடியோவில்தான் உறைத்தது.

2

புகைப்படத்தைச் சிறிதாக்கிப் பிறருக்குக் கொடுக்கும் ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. டகேர் தன் முறையைப் பாரிஸில் அறிவித்த 1839லேயே, லிவர்பூலில் கருவிகள் செய்துகொண்டிருந்த ஜான் பெஞ்சமின் டான்ஸர், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்குச் சிறிய படத்தை உண்டாக்கிவிட்டார். அது ஒரு வேடிக்கையாகவே கொஞ்ச காலம் இருந்தது.

சிறிய படம் சமூகத்துக்குள் நுழைந்தது 1854இல். பாரிஸில் திஸ்தெரி என்ற புகைப்படக்காரர், பல லென்ஸ்கள் கொண்ட காமிராவால் ஒரே தகட்டில் பல படங்கள் எடுக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். நடைமுறையில் ஒரு தகட்டுக்கு எட்டுப் படங்கள். வெட்டி, விசிட்டிங் கார்டு அளவுள்ள அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். டகேரின் வெள்ளித் தகட்டுப் படத்துக்குப் பிரதி கிடையாது. அது வீட்டில் பெட்டிக்குள் இருக்கும் ஒற்றைப் பொருள். திஸ்தெரியின் அட்டையோ கைமாறுவதற்கென்றே பிறந்தது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார்கள், வாங்கினார்கள், ஆல்பத்தில் செருகி வைத்தார்கள். அரச குடும்பத்தார் படங்களைக் கடையில் விலைக்கு வாங்கி, தங்கள் அத்தை மாமாக்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் 'பகிர்தல்' என்று சொல்லுகிற காரியத்தின் எல்லா லட்சணங்களும் அங்கே வந்துவிட்டன.

ஆனால் அளவு குறைந்ததும் உருவப்படத்தின் இயல்பே மாறியது. இந்த அட்டைகளில் பெரும்பாலும் ஆள் முழு உருவமாக, ஒரு திரைச்சீலைக்கோ தூணுக்கோ பக்கத்தில் நிற்பார். முகம் ஒரு பட்டாணி அளவு. அதில் மனநிலையைத் தேட முடியாது. தேட முடிந்ததெல்லாம் உடுப்பும் நிற்கும் தோரணையும் அந்தஸ்தும். அளவு என்பது நடுநிலையான விஷயமல்ல என்பதற்கு இதுவே போதும். ஒரு படத்தை எந்த அளவுக்குக் குறைக்கிறோமோ, அந்த அளவில் எது மிஞ்சுமோ, அதுவே படத்தின் பொருளாகிவிடுகிறது.

இரண்டாவது சம்பவம் 1870இல். பிரஷ்யப் படைகள் பாரிஸைச் சூழ்ந்திருந்தன. வெளியிலிருந்து நகரத்துக்குள் கடிதம் போக வழியில்லை. புறாக்கள் மட்டுமே போக முடியும். ரெனே தாக்ரோன் என்பவர் 1859லேயே நுண்படத்துக்கு உரிமம் பெற்றவர். மோதிரத்திலும் சாவிக்கொத்திலும் பதிக்கும் சிறு படங்கள் விற்றுக்கொண்டிருந்தார். நவம்பர் 12ஆம் தேதி அவரையும் அவருடைய சாதனங்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டு பலூன்கள் பாரிஸிலிருந்து கிளம்பின. பலூன்களின் பெயர்களே 'நியெப்ஸ்', 'டகேர்' என்பவைதாம். 'டகேர்' பிரஷ்யர்கள் கையில் சிக்கியது. தாக்ரோன் தப்பித்து தூர் நகரம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே கடிதங்களை அச்சுக் கோத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இரண்டு விரல் அகலமே உள்ள மெல்லிய பிலிமில் இறக்கினார். ஒரு பிலிமில் ஆயிரக்கணக்கான செய்திகள். எடை ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. பிலிம்களைச் சுருட்டி இறகுக் குழலுக்குள் வைத்துப் புறாவின் வால் சிறகில் கட்டினார்கள். புறாக்களில் பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. அதனால் ஒரே செய்தியைப் பல தடவை அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த பிலிமைப் பாரிஸில் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மாய விளக்கின் ஒளியில் சுவரில் பெரிதாக விழச் செய்தார்கள். எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்த்துத் தந்தித் தாளில் எழுதி, உரிய முகவரிக்கு அனுப்பினார்கள்.

அந்த எழுத்தர்களைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தச் சிறிதாக்கல் ஒரு முழுமையான காரியமாயிற்று. தாக்ரோன் செய்தது வேட்டியை மடிப்பது போன்றது. பெட்டிக்குள் வைக்க மடிக்கிறோம். எடுத்து உதறினால் அதே எட்டு முழம். நமக்குக் கிடைத்திருப்பது வேட்டியை வெட்டிப் பெட்டிக்குள் வைக்கும் முறை. மடிப்பு எப்படி வெட்டாக மாறியது என்பதுதான் மிச்சச் சரித்திரம்.

3

1957இல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், மூன்று மாதக் குழந்தையாக இருந்த தன் மகனின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தினார். ஐந்து சென்டிமீட்டர் சதுரப் படம். சுழலும் உருளையில் அதை ஒட்டி, ஒவ்வோர் இடத்திலும் ஒளியை அளந்தார்கள். அந்த இடம் வெளுப்பா கறுப்பா என்பது மட்டுமே பதிவாகும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் எல்லைக்கோட்டை மாற்றி மாற்றிப் பல தடவை அளந்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். குறுக்கே 176, நெடுக்கே 176 என்று மொத்தம் 30,976 புள்ளிகள். அந்த இயந்திரத்தின் நினைவகத்துக்கு அதற்கு மேல் தாங்காது.

அப்பாவின் படத்தில் 46,000 புள்ளிகள். உலகத்தின் முதல் கம்ப்யூட்டர் படத்தைவிட ஒன்றரை மடங்குதான் பெரியது. அறுபது வருஷங்களுக்கு மேல் விஞ்ஞானம் வளர்ந்து, சாதாரண செல்போனே ஒரு கோடிப் புள்ளிகளுக்கு மேல் எடுக்கிற காலத்தில், ஒரு முதியவர் தன்னை இன்னாரென்று நிரூபிக்கப் போகும்போது ஏறக்குறைய 1957க்கே திருப்பி அனுப்பப்படுகிறார்.

கிர்ஷ் புள்ளியைச் சதுரமாக வைத்தார். அப்போதைக்கு அதுதான் எளிது. 2010இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, அது தவறு என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி, படத்தின் உருவங்களுக்கு ஏற்ப வடிவம் மாறும் புள்ளிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். 2020இல் காலமானார். தான் செய்த ஆரம்பத்தை ஐம்பது வருஷம் கழித்துத் திருத்த உட்கார்ந்த மனிதர் மேல் மரியாதை வருகிறது. ஆனால் உலகம் அதற்குள் சதுரத்தில் குடியேறிவிட்டது.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் சிறிதாக்கலின் முதல் வகை. 4000க்கு 3000 புள்ளிகள் உள்ள ஒரு படத்தை 1600க்கு 1200 ஆக்கினால், ஆறேகால் புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்று உட்காருகிறது. அந்த ஒன்றின் நிறம் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் ஒருவிதச் சராசரி. ஆறு பேர் சொன்னதைக் கேட்டு ஒருவர் சுருக்கமாகச் சொல்வது போல. அந்த ஒருவரிடமிருந்து ஆறு பேரையும் மறுபடி வரவழைக்க முடியாது.

4

இரண்டாவது வகை இன்னும் சூட்சுமமானது. இதில் புள்ளிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஒவ்வொன்றையும் பற்றி நாம் வைத்திருக்கும் தகவல்தான் குறையும். இதன் மூலக் கணிதத்தைக் கண்டவர் பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, அமெரிக்கா போன நஸீர் அகமது. கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972இல் கொசைன் அலைகளைக் கொண்டு படத் தகவலைச் சுருக்கும் யோசனையை ஆராய தேசிய விஞ்ஞான அறக்கட்டளையிடம் பண உதவி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் அபிப்பிராயம் என்று பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார். 1973 கோடையில் சம்பளமில்லாமலே அதில் வேலை செய்தார். அவரும், மாணவர் நடராஜனும், நண்பர் கே. ஆர். ராவும் சேர்ந்து எழுதிய சில பக்கக் கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. இன்று செல்போன்களில் வந்து போகும் படங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் வழியாகத்தான் வருகின்றன. எளிமையாக இருப்பதாலேயே ஒன்றை நிராகரிக்கும் மதிப்பீட்டாளர்கள் நம் துறையில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1986இல் ஒரு சர்வதேசக் குழு கூடியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் 'ஜேபெக்'. 1992இல் அவர்கள் ஏற்ற தரவிதி அகமதுவின் கணிதத்தின் மேல் நிற்கிறது. அதன் வழி இதுதான்: முதலில் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிரித்துவிடுவார்கள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் இல்லை. ஆகவே நிறத் தகவலைப் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக்குவார்கள். பிறகு படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள 64 புள்ளிகளை வேறு 64 எண்களாக மாற்றுவார்கள். முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைக் குறிப்பது. அடுத்தடுத்தவை கட்டத்துக்குள் வெளிச்சம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்பவை. கன்னம், வானம், சுவர் போன்ற இடங்களில் முதல் சில எண்களே பெரியவை, மற்றவை அற்பம்.

இதுவரை பெரும்பாலும் மடிப்புதான். வெட்டு அடுத்த படியில் வருகிறது. 64 எண்களையும் ஒரு பட்டியலில் உள்ள 64 எண்களால் வகுத்து, கிடைப்பதை முழு எண்ணாக்குவார்கள். வங்கியில் வட்டிக் கணக்கில் காசை விட்டு ரூபாயாக முழுதாக்குவது போலத்தான். நாங்கள் எல்லாருக்கும் ஒரே ரூபாய்க்கு முழுதாக்குவோம். இந்தப் பட்டியலோ ஒவ்வோர் எண்ணையும் ஒவ்வொரு தொகைக்கு முழுதாக்குகிறது. தரவிதியில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் வெளிச்சப் பட்டியலில் இடது மேல் மூலையில் 16. வலது கீழ் மூலையில் 99. அதாவது நுணுக்கமான மாற்றத்தைக் குறிக்கும் அந்தக் கடைசி எண் 49 ஆக இருந்தால்கூட அது பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்கள் வரிசையாக வந்துவிட்டால் அவற்றை ஒன்றொன்றாக எழுத வேண்டியதில்லை. இத்தனை பூஜ்யம் என்று ஒரு குறிப்பு போதும். படம் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதன் ரகசியம் இந்த பூஜ்யங்களில் இருக்கிறது.

பி.ஏ. ஆங்கிலத்தில் 'பிரெஸி' எழுதச் சொல்லித் தருவார்கள். கொடுத்த பத்தியை மூன்றில் ஒன்றாக்க வேண்டும். உதாரணத்தை விடு, அடைமொழியை விடு, திரும்பச் சொன்னதை விடு. நான் அதில் நல்ல மார்க் வாங்குவேன். ஒரு சிறுகதையைப் பிரெஸி செய்து பார்த்த பிறகுதான், விட்டுவிடு என்று சொல்லப்பட்டவற்றில்தான் கதை இருந்தது என்று தெரிந்தது. கட்டத்தின் வலது கீழ் மூலையில் இருப்பவையும் அப்படித்தான். புருவத்து முடி, முகச் சுருக்கம், நாலு நாள் தாடி, சட்டைத் துணியின் இழை எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

இதைப் பழிப்பது என் நோக்கமல்ல. 1990களின் தொடக்கத்தில் டெலிபோன் கம்பியில் வினாடிக்கு 14,400 பிட்கள் போகும் மோடமே பலருக்கு வாய்த்தது. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட ஒரு நிறப் படம் சுருக்காமல் 9,21,600 பைட். அது வந்து சேர எட்டரை நிமிஷம் ஆகும். பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் ஐம்பது வினாடி. சுருக்கும் மென்பொருளை ஒரு தன்னார்வக் குழு 1991லேயே இலவசமாகக் கொடுத்தது. இந்த முறை இல்லாவிட்டால் படங்களைப் பகிர்வது பணமும் நல்ல கம்பியும் உள்ளவர்களின் சமாசாரமாகவே நெடுநாள் இருந்திருக்கும். அட்டைப் படத்தால் திஸ்தெரி செய்ததையே இதுவும் செய்தது. பல பேருக்குக் கொடுத்தது, கொடுப்பதற்காக ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

5

அந்தப் பட்டியலின் எண்களை யார் தீர்மானித்தார்கள்? மனிதர்களைத் திரை முன்னால் உட்கார வைத்து, எந்த வேறுபாடு தெரிகிறது, எது தெரியவில்லை என்று சோதித்துக் கண்ட எண்கள் அவை. கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிடலாம் என்பது தத்துவம். தத்துவத்தில் குற்றமில்லை. ஆனால் யாருடைய கண், எந்தப் படத்தைப் பார்த்தபோது, எவ்வளவு தூரத்திலிருந்து என்ற கேள்விகள் இருக்கின்றன. முன்பின் தெரியாத முகத்தைத் திரையில் ஒரு நிமிஷம் பார்ப்பவனின் கண்ணும், நாற்பது வருஷம் கூட இருந்த மனைவியின் கண்ணும் ஒன்றல்ல. பட்டியலுக்கு முதல் கண்ணை மட்டுமே தெரியும்.

சோதனைப் படங்களின் கதையும் இதோடு சேர்ந்தது. 1973இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடத்தில் நல்ல பளபளப்பான படம் ஒன்று தேவைப்பட்டது. கைக்குக் கிடைத்தது 1972 நவம்பர் 'ப்ளேபாய்' இதழ். அதன் நடுப்பக்கத்து நிர்வாணப் படத்தின் மேல்பகுதியிலிருந்து 512 வரிகளை மட்டும் ஸ்கேன் செய்தார்கள். தோளோடு படம் நின்றது. தொப்பியும் இறகும் திரும்பிய முகமும் கொண்ட அந்தச் சதுரம் 'லேனா' என்ற பெயரில் உலகம் முழுவதும் படச் சுருக்க ஆராய்ச்சிகளில் உரைகல்லாயிற்று. ஒரு முறை நன்றாகச் சுருக்குகிறதா என்று பார்க்க லேனாவைச் சுருக்கிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, 2024 ஏப்ரல் முதல், ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொசைட்டி தன் வெளியீடுகளில் அந்தப் படத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. பெண்களை அவமதிக்கும் மூலம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். எனக்கு இன்னொன்றும் படுகிறது. ஒரே முகத்தை ஐம்பது வருஷம் உரைகல்லாக வைத்திருந்தவர்களுக்கு நல்ல சுருக்கம் என்பதன் பொருளே அந்த முகத்துக்கு நல்லது என்றாகிவிடாதா? வழவழப்பான, ஸ்டூடியோ விளக்கில் குளித்த இளம் முகம் அது. சுருக்கலில் முதலில் போவது சிறு வேறுபாடுகள். வெயிலில் கறுத்து வரி விழுந்த முகம் முழுக்க முழுக்கச் சிறு வேறுபாடுகளால் ஆனது.

நம் இலக்கியத்திலும் இப்படிச் சில உரைகல் படைப்புகள் உண்டு. எந்தப் புதிய கோட்பாடு வந்தாலும் அவற்றை உரசிப் பார்த்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடுகிறோம்.

6

இதுவரை சொன்ன இழப்புகளுக்கு ஒரு நேர்மை உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடைந்து, 'இங்கே ஒன்றும் இல்லை' என்று படமே சொல்லிவிடும். சரித்திரத்தின் கடைசிப் பகுதியில் இந்த நேர்மையும் போகிறது.

2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீஸல் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி, ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடம் ஒன்றில் வெவ்வேறு அறைகளுக்கு ஒரே பரப்பளவு அச்சாகியிருப்பதைக் கண்டார். மங்கலாக இல்லை; பளிச்சென்று, தப்பாக இருந்தது. அந்த ஸ்கேனில் கையாண்ட சுருக்க முறை, பக்கத்தில் ஒன்றுபோல் தெரியும் எழுத்துருக்களை ஒரே தடவை சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். 6ம் 8ம் போதுமான அளவு ஒன்றுபோல் தெரிந்துவிட்டால், 6 இருந்த இடத்தில் ஓர் அழகான 8 உட்கார்ந்துகொள்ளும். ஜெராக்ஸ் பிறகு திருத்த மென்பொருள் வெளியிட்டது. எண்களோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்தச் செய்தி கொடுக்கும் நடுக்கத்தை விவரிக்க வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். பழைய சிறுபத்திரிகை ஒன்றின் இதழ்களை நண்பர் ஒருவர் ஸ்கேன் செய்து, அனுப்ப வசதியாகச் சுருக்கி எங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். நல்ல காரியம். அதில் ஒரு கவிதையை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். 'பல' என்ற சொல் கவிதையில் தனியாக நிற்பதைப் பற்றி, பன்மையின் தத்துவத்தைப் பற்றி, அரைப் பக்கம். பிறகு மூல இதழ் கையில் கிடைத்தது. சொல் 'பல்'. தேய்ந்த அச்சில் இலேசாக விழுந்திருந்த புள்ளியைச் சுருக்கம் தாளின் அழுக்கோடு அழுக்காகத் துடைத்துவிட்டிருந்தது. கவிதை ஒரு கிழவியின் வாயைப் பற்றியது. நான் எழுதியதைப் படித்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பது இன்னும் பெரிய துக்கம்.

7

கதை ஸ்டூடியோவில் முடியவில்லை. கட்டங்களைக் கண்டு நான் முகம் சுளித்ததும், இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, தெளிவாக்கித் தருகிறேன் என்றார் அவர். மறுநாள் தந்த படம் உண்மையில் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு முடியும் தெரிந்தது. கண்ணில் விளக்கின் பிரதிபலிப்புக்கூட இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று கேட்டாள்.

2020இல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தார் இப்படி ஒரு நிரலை வெளியிட்டார்கள். ஒபாமாவின் மங்கலான சிறு படத்தை அதற்குக் கொடுத்துப் பார்த்தபோது வெள்ளைக்காரர் ஒருவரின் முகம் வந்தது. அது அப்போது பெரிய சர்ச்சையாயிற்று. அந்த நிரல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு அதுவரை புரியாத ஒன்று புரிந்தது. அது மங்கலான படத்திலிருந்து தொலைந்த முகத்தைத் தோண்டி எடுப்பதில்லை. தான் பழகிய முகங்களை வைத்து, சுருக்கினால் இந்தச் சிறு படமாக ஆகக்கூடிய ஏதாவது ஒரு முகத்தைக் கற்பித்துத் தருகிறது. ஒபாமாவும் அந்த வெள்ளைக்காரரும் சுருங்கினால் ஏறக்குறைய ஒரே மங்கல். என் தகப்பனாரின் 46,000 புள்ளிகளுக்குள்ளும் எத்தனையோ முகங்கள் அடங்கும். சுருக்கியபோது அப்பா அந்த எத்தனையோ பேரில் ஒருவராகிவிட்டார். இயந்திரம் அவர்களில் வேறொருவரைக் கூப்பிட்டுவிட்டது.

பாரிஸ் எழுத்தர்கள் சுவரில் விழுந்ததை மட்டும் எழுதினார்கள். தெரியாத இடத்தில் அழகான வாசகம் ஒன்றைத் தாங்களாகச் சேர்த்திருந்தால், போர்முனையிலிருந்து ஒரு மகன் தன் தாய்க்கு எழுதாத ஒன்றை எழுதியவனாகியிருப்பான். சுருங்கியதை விரிக்கிறவனுக்கு இருக்க வேண்டிய ஒழுக்கம் அது. விமர்சகனுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். 'பல' பற்றி அரைப் பக்கம் எழுதியவன் சொல்கிறேன்.

படங்களைச் சுருக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். செய்யக் கூடியது மிகச் சிறிய காரியம். அனுப்புவதற்குச் சிறியதை அனுப்பலாம். பெரியது எங்கேயோ ஓரிடத்தில் தொடப்படாமல் இருக்க வேண்டும். அனுப்புவதோடு, இது சுருக்கியது, மூலம் இன்னாரிடம் இருக்கிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பழைய இதழ்களை ஸ்கேன் செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னேன். இடம் போதாது என்றார். வன்தட்டு ஒன்று வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறோம்.

அப்பாவின் படத்தை ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டோம். அந்த அளவில் ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். கட்டம் தெரியவில்லை, முகம் தெரிகிறது. திஸ்தெரியின் அட்டையைவிடக் கொஞ்சம் சிறியது. பெரிய சட்டத்துக்குள் வெள்ளைத் தாளின் நடுவே அது இருக்கிறது. வருகிறவர்கள், ஏன் இவ்வளவு சிறிதாக மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள்.